வியாழக்கிழமை நாளிதழும் ஞாயிற்றுக்கிழமை விருந்தும்

உணவு வரலாறு எழுதப் புகுவோர் முதலில் தேடிச் செல்வது சமையல் நூல்களைத்தான். அமெரிக்கக் குடும்பங்களின் கோடைக்கால வார இறுதி விருந்தைப் பொறுத்தவரை, பழைய நாளிதழ்களின் மளிகை விளம்பரப் பக்கங்களைப் புரட்டுவதே அதிகப் பயன் தரும் என்பது என் எண்ணம். சனி, ஞாயிறுகளில் என்ன சமைப்பது என்பதை இல்லத்தரசி பெரும்பாலும் புதன் அல்லது வியாழனன்று, அப்பக்கத்தைப் பார்த்தே முடிவு செய்தாள். அதில் எது இடம்பெற வேண்டும் என்பதை அவளுக்கும் முன்பே முடிவு செய்தவர் கடைக்காரர்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம்வரை அங்கும் சிப்பந்தியிடம் கேட்டுத்தான் சாமான் வாங்க வேண்டியிருந்தது. 1916இல் மெம்ஃபிஸ் நகரில் கிளாரன்ஸ் சாண்டர்ஸ் திறந்த பிக்லி விக்லி கடை, வாடிக்கையாளரே கூடையேந்தி, விலை குறித்த பொருள்களை எடுத்துக்கொள்ளும் முறைக்கு வழி வகுத்தது.

ஆயினும் நம் கதையின் நாயகர் மைக்கேல் கல்லன் என்பவரே. க்ரோகர் நிறுவனத்தில் பணியாற்றிய அவர், 1930இல் தம் மேலிடத்திற்கு ஒரு கடிதம் எழுதினார். 300 பொருள்களை அடக்க விலைக்கே விற்பது. 200 பொருள்களுக்கு ஐந்து விழுக்காடு மட்டும் கூட்டுவது. 300க்கு பதினைந்து, இன்னும் 300க்கு இருபது விழுக்காடு என்பது அவர் கணக்கு. கடிதத்திற்குப் பலனில்லை. வேலையை உதறிவிட்டு, அதே ஆண்டு ஆகஸ்ட் 4ஆம் நாள், நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில், காலியாகக் கிடந்த ஒரு கார் கொட்டகையில் 'கிங் கல்லன்' கடையைத் திறந்தார். பொருளாதார மந்தத்தில் தவித்த மக்கள் பல மைல் தொலைவிலிருந்தும் கார்களில் வந்து குவிந்தனர்.

அந்த 300 பொருள்கள்தான் தூண்டில் (மீனுக்குத் தூண்டில் தெரியாது, இல்லத்தரசிக்கு நன்றாகவே தெரியும்). அடக்க விலைக் கோழியை வாங்க வந்தவள், இருபது விழுக்காடு கூட்டிய பண்டத்தையும் சேர்த்தே வாங்கிச் செல்வாள் என்பது கடையின் நம்பிக்கை. சிறு வணிகர்கள் கொதித்தெழவே, கலிஃபோர்னியா உள்ளிட்ட சில மாநிலங்கள் அடக்க விலைக்குக் கீழே விற்பதைக் கட்டுப்படுத்த 1930களில் சட்டம் கொண்டுவந்தன.

கோடைக்கும் இதற்கும் என்ன தொடர்பு? 1938இல் இயற்றப்பட்ட சட்டம், இரண்டாண்டுகளில் வாரத்திற்கு நாற்பது மணி நேர வேலையை நெறியாக்கியது. சனிக்கிழமை பலருக்கு ஓய்வு நாளாயிற்று. 1952இல் ஜார்ஜ் ஸ்டீபன் உருவாக்கிய, மூடியுள்ள உருண்டைக் கரியடுப்பு சமையலை வெளிமுற்றத்திற்குக் கொண்டு சென்றது. விளைச்சலும் ஒத்துழைத்தது. பறித்த நேரத்திலிருந்தே இனிப்புச் சோளத்தின் சர்க்கரை மாவுச்சத்தாக மாறத் தொடங்கிவிடும். வந்த சரக்கை விரைந்து தள்ளியாக வேண்டிய அவசரம் கடைக்கு. தள்ளுபடி பிறப்பதே அந்த அவசரத்தில்தான்.

இல்லத்தரசியின் மதிநுட்பம் செயல்படுவதும் இங்கேதான். மலிவான முழுக்கோழியைச் சனியன்று சுட்டு, எஞ்சியதை ஞாயிறன்று குளிர்ந்த சாலட்டாக்குவாள். எலும்பு திங்களன்று சூப்பிற்கு. முழு விலைப் பண்டத்தைத் தொடாமலே வெளியேறினால் வெற்றி அவளுடையது. ஒவ்வொரு வாரமும் நடந்த இந்தச் சதுரங்கத்தை எவரும் உழைப்பாகக் கணக்கிட்டதில்லை.

1973இல் ஆட்டம் குலைந்தது. இறைச்சி விலை ஏறிக்கொண்டே போக, மார்ச் 29இல் குடியரசுத் தலைவர் நிக்சன் உச்சவரம்பு விதித்தார். அவ்விலையே அதிகம் என்று பெண்கள் ஏப்ரல் முதல் வாரத்தில் நாடு முழுவதும் இறைச்சியைப் புறக்கணித்தனர். ஜூலையில் பிற உணவுப் பொருள்களின் விலைக்கட்டு தளர்த்தப்பட்டபோதும் மாட்டிறைச்சிக்கு மட்டும் அது நீடித்தது. எப்படியும் செப்டம்பரில் விலகும் என்றறிந்த பண்ணையாளர்கள் மாடுகளை விற்காமல் நிறுத்தி வைத்தனர். விளைவு, கரியடுப்புப் பருவத்தின் உச்சத்தில் கடைகளின் இறைச்சித் தட்டுகள் காலியாயின. சில ஊர்களில் குதிரை இறைச்சிகூட விற்றது. தள்ளுபடியை வைத்துத் திட்டமிட்டுப் பழகிய கைகளுக்கு, வட்டமிட விளம்பரத்தில் மாட்டிறைச்சியே இல்லை. உச்சவரம்பு செப்டம்பரில் விலகியபோது, கோடையின் கடைசி விருந்து நாளாகிய தொழிலாளர் தினம் கடந்து ஏறத்தாழ ஒரு வாரம் ஆகியிருந்தது.