ஒல்லாந்தர் காலத்துக் கத்தோலிக்கர்

வவுணதீவுக்குக் கிழக்கே, வாவிக்கப்பால் புளியந்தீவிலுள்ள போர்த்துக்கேயர் கோட்டையை ஒல்லாந்தர் 1638 இல் கைப்பற்றினர். இலங்கையில் அவர் கைக்கொண்ட முதற்கோட்டை அதுவே. 1658 இல் யாழ்ப்பாணமும் அவர் வசமாயிற்று. அவ்வாண்டே, கத்தோலிக்கக் குருமாருக்கு இடமளிப்போர்க்கு மரணதண்டனை என விளம்பரஞ் செய்தனர்.

ஏறத்தாழ முப்பதாண்டுகள் குருமாரின்றி வாழ்ந்த அம்மக்கள் தம் செபங்களை இல்லங்களிலே மறைவாகப் பேணினர். அந்நியர் ஆட்சியிற் சைவரும் விரதநாளில் உண்ட இலையைக் கூரையிற் செருகி மறைத்தனர் என்பது யாழ்ப்பாணத்து வழக்கு. ஆதலின் அவர்தம் இடர் நாம் அறியாததொன்றன்று.

1687 இல் கோவாவைச் சேர்ந்த யோசேவ்வாஸ் அடிகள் இரவலர் கோலத்தில் யாழ்ப்பாணம் வந்தார். சில்லாலை மக்கள் அவரைக் காத்தனர். 1689 நத்தார் இரவிலே வழிபாட்டிற்குக் கூடியோர் சிறைப்பிடிக்கப்பட்டனர், அடிகள் தப்பினார். பின்னர் அவர் கண்டி சென்றபோது, ஒற்றரென ஐயுற்றுச் சிறையிட்ட பௌத்த மன்னன் இரண்டாம் விமலதர்மசூரியன், உண்மை தெளிந்து ஆதரித்தான். 1697 இல் அங்கு அம்மைநோய் பரவியகாலை, உற்றார் கைவிட்ட நோயாளரை அடிகள் பேணினார். 1711 இல் கண்டியிலே மறைந்த அவர், 2015 இல் புனிதராக உயர்த்தப்பெற்றார்.

ஆலயங்களை மூடிய ஆணை இல்லங்களை எட்டவில்லை. அவ்வில்லங்களின் உறுதியும் பிறமத மன்னனொருவனின் ஆதரவுமே அம்மதத்தை இந்நாட்டில் நிலைக்கச் செய்தன. பலமதத்தவர் சேர்ந்து வாழும் நம் நாட்டினர் இதனை மறத்தலாகாது.