போர் முடிந்தது, குதிரைகள் என்ன ஆயின?

1918-இல் முதல் உலகப் போர் முடிந்தது. வீரர்கள் ஊர் திரும்பினார்கள். அவர்களைச் சுமந்த குதிரைகள்? எகிப்திலிருந்த ஆயிரக்கணக்கான குதிரைகளைப் பிரிட்டிஷ் இராணுவம் அங்கேயே விற்றுவிட்டது. அவை கெய்ரோ தெருக்களில் வண்டி இழுத்தன.

1930-இல் இராணுவ அதிகாரியான கணவருடன் கெய்ரோ சென்ற டோரத்தி புரூக், எலும்பும் தோலுமாக நின்ற அந்தக் குதிரைகளைப் பார்த்தார். மறு ஆண்டு லண்டன் நாளிதழான ‘மார்னிங் போஸ்ட்’டுக்குக் கடிதம் எழுதினார். வாசகர்களின் நன்கொடை குவிந்தது. சுமார் மூன்று ஆண்டுகளில் ஏறத்தாழ 5,000 குதிரைகளை வாங்கினார்கள். பெரும்பாலானவை மிகவும் தளர்ந்திருந்தன. கருணைக்கொலையைத் தவிர வேறு வழியில்லை.

மாணவர்களே, ஒன்றைக் கவனியுங்கள். புரூக் குதிரைகளைச் சும்மா பிடுங்கிக்கொண்டு போகவில்லை. விலை கொடுத்தே வாங்கினார். வண்டிக்காரரும் ஏழைதானே! குதிரை போனால் வீட்டில் அடுப்பு எரியாது.

ஆனால், வாங்கிக்கொண்டே இருந்தால் பிரச்சினை தீருமா? அதே வண்டியில் நாளை இன்னொரு விலங்கைப் பூட்டுவார்கள். 1934-இல் கெய்ரோவில் அவர் ஒரு விலங்கு மருத்துவமனையைத் தொடங்கினார். உழைக்கும் குதிரைகளுக்கும் கழுதைகளுக்கும் அங்கே இலவச சிகிச்சை கிடைத்தது. இன்று ‘புரூக்’ அமைப்பு பல நாடுகளில், நன்கொடையைக் கொண்டே இப்பணியைச் செய்கிறது.

விலங்குநேயம் பற்றிக் கட்டுரை எழுதும்போது, “இரக்கம் காட்ட வேண்டும்” என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். விலங்கைக் காப்பாற்ற, அதை நம்பிப் பிழைக்கும் மனிதரையும் சேர்த்து நினைக்க வேண்டும். கெய்ரோவை அதற்குச் சான்றாகக் காட்டுங்கள்.