திங்களும் வெள்ளியும்

எங்கள் குடும்பம் தன்னை மதுரைக் குடும்பம் என்றே சொல்லிக்கொண்டு வந்தது. மலாயாவின் ஜொகூரில், குளுவாங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் விடியற்காலை நாலரை மணிக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குக் கிளம்பும்போது தாத்தா, "மதுரகாளி, நீதாம்மா துணை" என்பார். மதுரகாளி என்றால் மதுரைக் காளி, மதுரைக் காளி என்றால் நமக்கு ஊர் மதுரை. அப்பா அப்படி நம்பினார், நாங்களும் நம்பினோம்.

தாத்தாவின் ஊரைப் பார்க்கப் போகலாம் என்று தம்பி சொன்னபோது அவன் மனத்திலும் மதுரைதான் இருந்தது. மீனாட்சியைக் கும்பிட்டுவிட்டு வருவதென்றால் எனக்கு அவசரம் இல்லை. தாத்தா எந்தத் தெருவிலிருந்து கிளம்பினார் என்று தெரிய வேண்டும். டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். அவருடைய சிவப்பு ஐசியில், அதாவது அடையாள அட்டையில், பிறந்த இடம் என்ற கட்டத்தில் இருந்தது ஒரே சொல்: இந்தியா. அப்பாவின் பிறப்புச் சான்றிதழில் தோட்டத்தின் பெயர் இருந்தது, தாத்தாவின் பெயரைக் கிராணி தன் காதில் விழுந்தபடி எழுதியிருந்தார். வேறு காகிதம் கிடையாது.

கடல் தாண்டிப் போன எல்லோருக்கும் இப்படி இல்லை. தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு 1860இல் 'ட்ரூரோ' கப்பல் போனது முதல் 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்கள் 1,52,000 பேருக்கு மேல். ஒவ்வொருவருக்கும் ஓர் எண் உண்டு. அந்த எண்ணுக்கு நேரே தகப்பன் பெயர், சாதி, கிராமம், தாலுகா, கப்பல் எல்லாம் பதிவாகியிருக்கும். மொரீஷியஸிலும் அப்படியே, மகாத்மா காந்தி நிறுவனத்தில் அந்த ஏடுகள் இருக்கின்றன. கரும்புத் தோட்டத்தில் அடிமைபோல் உழைத்தவனின் பேரன் இன்றைக்கு ஓர் எண்ணைச் சொல்லி ஊரைக் கண்டுபிடித்துவிடுகிறான். மலாயாவுக்குக் கங்காணியோடு வந்தவனின் பேத்திக்கு அது முடியவில்லை. ஏன்?

மலாயாவில் ஒப்பந்தக் கூலி முறை 1910இல் ஒழிந்தது. அதன் இடத்தைப் பிடித்தது கங்காணி முறை. தோட்டத்தில் நன்றாக வேலை செய்யும் ஒருவனுக்குத் துரை லைசென்ஸ் வாங்கிக் கொடுத்து ஊருக்கு அனுப்புவார். அவன் சொந்த ஊருக்கும் பக்கத்து ஊர்களுக்கும் போய் மாமன், மச்சான், பங்காளி என்று பத்து இருபது பேரைத் திரட்டுவான். கிராம முன்சீப்பிடம் கையெழுத்து வாங்கி, நாகப்பட்டினத்துக்கோ ஆவடிக்கோ கூட்டிப்போய் டிப்போவில் ஒப்படைப்பான். கப்பல் செலவு 1907இல் தொடங்கிய குடியேற்ற நிதியிலிருந்து வந்தது. தோட்ட முதலாளிகள் தலைக்கு இவ்வளவு என்று கட்டிய பணம் அது. அதனால் வந்தவன் தலையில் கப்பல் கடன் இல்லை, அவன் விரல் ரேகை வைத்த ஒப்பந்தமும் இல்லை. அது அவனுக்கு நல்லதுதான். ஆனால் ஊர்ப் பெயர் எழுதிய காகிதம் எதுவும் அவன் கையில் தங்கவில்லை. ஊர் எது என்று கேட்டால் கங்காணியைக் கேள் என்பார்கள். அவருக்கு எல்லாம் தெரியும்.

தாத்தா வந்தது 1920களில். ஜொகூரில் ஒரு காலத்தில் சீனர்களின் கேம்பியர், மிளகுத் தோட்டங்கள் இருந்தன. 1909இல் ரயில் பாதை ஜொகூர் பாரு வரை முடிந்தபின் அதன் இருபுறமும் காடு அழிந்து ரப்பர் ஏறியது. லாபிஸ், குளுவாங், ரெங்கம், லாயாங் லாயாங், கூலாய் என்று ஸ்டேஷன் ஸ்டேஷனாகத் தமிழ்ச் சனம் இறங்கியது. ஊரோடு போக்குவரத்து இருந்தவரை யாரும் முகவரியை எழுதி வைக்கவில்லை. 1938 ஜூனில் இந்திய அரசு கூலி அனுப்புவதை நிறுத்தியது. பிறகு ஜப்பான்காரன் வந்தான். எங்கள் கங்காணியை 1943இல் சயாமுக்கு ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள். அவர் திரும்பவில்லை. அவரோடு எங்கள் ஊரும் போயிற்று.

பள்ளியில் எனக்கு ஆங்கிலம் சொல்லித்தந்த கன்னியாஸ்திரி அயர்லாந்துக்காரர். 1922 உள்நாட்டுப் போரில் டப்ளின் ஆவணக் காப்பகம் எரிந்ததையும், அமெரிக்காவிலிருந்து மூதாதையரைத் தேடி வருகிறவர்கள் கிராமத்து மாதா கோயிலின் ஞானஸ்நான ஏட்டைத்தான் நம்பி வருவதையும் ஒருமுறை வகுப்பில் சொன்னார். அன்றைக்கு அதைக் கதையாகக் கேட்டேன். பெட்டியை மூடி வைத்த அன்றுதான் அது திரும்ப நினைவுக்கு வந்தது. நமக்கும் சாமி இருக்கிறது, ஏடுதான் இல்லை.

எண்பத்து மூன்று வயது அத்தையிடம் போனேன். "அத்தே, பாட்டி நம்ம சாமியை எப்படிக் கும்பிடுவாங்க?"

"லயத்துக்குப் பின்னால மூணு கல்லு இருந்துச்சுல்ல, அதுக்கு விளக்கு வைப்பாங்க. திங்கக்கெழமையும் வெள்ளிக்கெழமையும்."

"செவ்வாய்க்கிழமை இல்லையா?"

"செவ்வாய்க்கெழமை மாரியம்மாளுக்கு, அது தோட்டத்துச் சாமி. நம்ம சாமி செவ்வாய்க்கெழமை வூட்ல இருக்காதுன்னு பாட்டி சொல்லும்."

அம்மனுக்குத் திங்களும் வெள்ளியுமா? நான் விசாரித்த கோயில்களில் அப்படி ஒன்றுதான் கிடைத்தது. திருச்சியிலிருந்து சென்னை போகும் சாலையில், பெரம்பலூருக்குச் சற்று முன்னால் சிறுவாச்சூர். அங்கே மதுரகாளியம்மன் கோயில் நடை வாரத்தில் திங்கள், வெள்ளி இரண்டு நாள்தான் திறக்கும், விசேஷ நாட்கள் தவிர. மற்ற நாட்களில் அம்மன் பெரியசாமி மலையில் இருப்பதாக ஐதீகம். அந்த ஊரில் முதலில் இருந்தவள் செல்லியம்மன், மதுரகாளிக்கு இடம் விட்டு மலைக்குப் போனவள். எங்கள் வீட்டில் தலைமுறைக்கு ஒரு பெரியசாமி, ஒரு செல்லம்மா. அத்தையின் பெயரே செல்லம்மா. இதை அவளிடம் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "அப்ப நாம மதுரை இல்லியா?" என்றாள்.

இல்லை. தாத்தா காலத்துத் திருச்சி ஜில்லா, பெரம்பலூர் தாலுகா. மலாயாவுக்கு ஆள் அதிகம் போன ஜில்லாக்களில் திருச்சியும் ஒன்று. கையெழுத்துத் தெரியாத பாட்டி, கிழமையைப் பிடித்துக்கொண்டே ஊரைக் காப்பாற்றி வைத்திருந்தாள். தோட்டத்தைச் செம்பனைக்கு மாற்றியபோது அந்த மூன்று கற்களும் போய்விட்டன. கிழமை போகவில்லை.

ஆனாலும் சிறுவாச்சூர் எங்கள் ஊர் என்று சொல்லிவிட முடியாது. சுற்றியுள்ள எத்தனையோ கிராமங்களுக்கு மதுரகாளி குலதெய்வம். எந்தக் கிராமம் என்பதை அங்கே போய்த்தான் கேட்க வேண்டும். தாத்தாவின் பெயரைச் சொல்லித் தேடலாம் என்கிறான் தம்பி. ஒரு வீட்டிலிருந்து ஓர் இளவட்டம் போனதை நூறு வருஷம் கழித்து யார் நினைவில் வைத்திருப்பார்கள்? நான் கங்காணியின் பெயரைச் சொல்லிக் கேட்கப் போகிறேன். ஒரே நாளில் பத்து இருபது பேரைக் கூட்டிக்கொண்டு போனவனை ஊர் லேசில் மறக்காது. அன்பாக நினைக்காவிட்டாலும் கோபமாகவாவது நினைத்திருக்கும்.

கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்கு வியாழக்கிழமை விமானம் பார்த்திருக்கிறோம். வெள்ளிக்கிழமை காலை நடை திறக்கும்போது அங்கே இருக்க வேண்டும். அந்தக் கோயிலில் மாவிளக்குக்கு அங்கேயே உரலில் அரிசி இடித்து மாவெடுப்பது வழக்கம். மிக்ஸியில் அரைத்துக்கொண்டு போகக் கூடாது என்று அத்தை கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். உலக்கை பிடித்து எனக்குப் பழக்கம் இல்லை. போன வாரத்திலிருந்து சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போகிறேன். அவள் நாற்காலியில் உட்கார்ந்தபடி, கையை இப்படி மாற்று, அப்படி மாற்று என்று சொல்லித் தருகிறாள்.