மோர்ட்டா சுங்கான்

மோர்ட்டா சுங்கான் என்பது சதுப்பு நிலத்தில் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் புதைந்து கிடந்து கறுத்துப்போன ஓக் (கருவாலி) மரத்திலிருந்து கையால் செதுக்கப்படும் புகையிலைக் குழாய் ஆகும். சுங்கான்கள் பொதுவாக, நடுநிலக்கடற் பகுதியில் வளரும் எரிக்கா ஆர்போரியா என்னும் செடியின் வேர்முண்டான பிரையரில் செய்யப்படுகின்றன. மோர்ட்டாவைக் கையாளும் கைவினைஞர் சிலரே.

மரத்தின் தன்மை

சேற்றினுள் ஆக்சிசன் மிகக் குறைவு என்பதால் மரம் எளிதில் அழுகுவதில்லை. ஓக்கில் மிகுந்துள்ள டானின், நீரில் கரைந்த இரும்பு உப்புகளுடன் வினைபுரிந்து மரத்தைக் கருமையாக்குகிறது. இது கல்லாகிவிட்ட மரம் அன்று. எனவே தீப்பிடிக்கக் கூடியதே. பிரான்சின் பிரியேர் சதுப்பு நிலம் இதற்குப் பெயர்பெற்றது. அயர்லாந்தில் 19ஆம் நூற்றாண்டில் இத்தகைய மரத்தில் அணிகலன்களும் செதுக்கப்பட்டன.

செய்முறை

உலர்த்துதலே கடினமான கட்டம். தோண்டியெடுத்த மரத்தை வெயிலில் இட்டால் வெடித்துப் பிளந்துவிடும்; நிழலில், பல மாதங்கள், சில வேளைகளில் ஆண்டுக்கணக்கில் உலர்த்த வேண்டும். பின்னர் ஏறத்தாழ 20 மி.மீ. அகலத்தில் புகையிலைக் கிண்ணமும், 4 மி.மீ. அளவில் புகைவழியும் துளைக்கப்படுகின்றன. புகைவழி கிண்ணத்தின் அடியில் சரியாகத் திறக்க வேண்டும். சற்று மேலே திறந்தால் அடிப்புகையிலை ஈரமாகி எரியாது எஞ்சும். வாய்ப்பகுதிக்கு எபோனைட்டு பொருத்தி, வெளிப்புறம் மெழுகு தேய்க்கப்படும். கிண்ணத்தின் உட்புறத்தில் வார்னிசு பூசலாகாது.

தீங்குகள்

இழைக்கும்போது எழும் நுண்தூளைச் சுவாசிப்பது ஆபத்தானது; மரத்தூள் புற்றுநோய்க் காரணியாக வகைப்படுத்தப்பட்டுள்ளது. அறியாத மரங்களில் சுங்கான் செய்வோர் முதலில் அதன் நச்சுத்தன்மையை அறிதல் வேண்டும். அரளி போன்றவை அறவே விலக்கத்தக்கவை. எம்மரத்தில் செய்தாலும் சுங்கான் புகைத்தல் வாய், தொண்டைப் புற்றுநோய்களுக்குக் காரணமாகும்.