ஐந்து சென்ட் கட்டணமும் கிறுக்கல் ரயிலும்

நியூயார்க் சுரங்க ரயிலில் 1970களிலும் 1980களின் தொடக்கத்திலும் பயணம் செய்தோரின் நினைவுக் குறிப்புகளை வாசிக்கையில், பெட்டிகளின் உள்ளும் புறமும் அப்பிக் கிடந்த வண்ணக் கிறுக்கல்களே முதலில் நம் கண்முன் நிற்கின்றன. சன்னல் கண்ணாடியையும் மை மறைத்தமையால், வந்திருப்பது எந்த நிலையம் என்றே தெரியாது. விளக்குகள் அணையும், கதவு திறக்க மறுக்கும், சுரங்கத்தின் நடுவே வண்டி காரணமின்றி நின்றுவிடும்.

கிறுக்கியவர்களே ரயிலைக் கெடுத்தனர் என்று நாம் எளிதில் முடிவுகட்டிவிடுகிறோம். சீரழிவின் வேரோ அதனினும் பழையது.

1904 அக்டோபர் 27 அன்று ரயில் ஓடத் தொடங்கியபோது கட்டணம் ஐந்து சென்ட். நகர நிர்வாகம் தனியார் நிறுவனங்களோடு செய்துகொண்ட ஒப்பந்தங்கள் அதையே நிலைப்படுத்தின. முதல் உலகப்போரை ஒட்டி விலைவாசி ஏறிய பின்னும், 1940இல் நகரமே ரயிலை ஏற்ற பின்னும், 1948 வரை அக்கட்டணம் மாறவில்லை. உழைக்கும் மக்களுக்கு அது பெருங்கொடை என்பதில் ஐயமில்லை. ஆனால் அக்கொடைக்கு ஈடான நிதியைப் போதிய அளவில் எவரும் ஒதுக்கவில்லை. பின்னர் கட்டணம் உயர்ந்தபோதும் பராமரிப்பு ஆண்டுதோறும் ஒத்திவைக்கப்பட்டது. 1975இல் நகரமே திவாலாகும் நிலையை எட்டியது. தண்டவாளம் நலிந்த இடங்களில் வண்டிகள் ஊர்ந்தே சென்றன.

1979இல் போக்குவரத்து ஆணையத் தலைவரான ரிச்சர்ட் ராவிட்ச், கடன்பத்திரங்கள் வழியே நிதி திரட்டிச் சீரமைக்கும் திட்டத்தை முன்வைத்தார். 1982 முதல் அது செயற்பட்டது. 1984இல் ரயில் நிர்வாகத்தை ஏற்ற டேவிட் கன், ஒருமுறை துப்புரவு செய்த பெட்டி மீண்டும் கிறுக்கலோடு ஓடலாகாது என்று விதித்தார். 1989 மே 12 அன்று கடைசிக் கிறுக்கல் பெட்டியும் விலக்கப்பட்டது.

அக்கிறுக்கல்களில் கலை இருந்ததை நாம் மறுக்கவில்லை. மார்த்தா கூப்பரும் ஹென்றி சால்ஃபண்டும் 1984இல் வெளியிட்ட ஒளிப்பட நூல் அதற்குச் சான்று. நிலையங்களின் வெற்று விளம்பரப் பலகைகளில் சுண்ணக்கட்டியால் வரைந்த கீத் ஹாரிங் பின்னாளில் உலகப் புகழ் பெற்றார்.

எனினும், இன்று அக்காலத்தை ஏக்கத்தோடு பேசுவோர் ஒன்றை எண்ணிப்பார்க்க வேண்டும். வேறு ஊர்தியில்லாமல், நள்ளிரவில் வேலை முடிந்து அந்த இருண்ட பெட்டிகளில் அச்சத்தோடு வீடு திரும்பியவர்களும் அந்நகரத்தாரே. வண்ணங்களை ஒளிப்படங்கள் காத்துவைத்தன. அவர்கள் காத்திருந்த நேரத்திற்கு அத்தகைய ஆவணம் இல்லை. ஒத்திவைத்த பராமரிப்பின் விலையை நாள்தோறும் செலுத்தியவர்கள் அவர்களே.