வீழும் கல்லைப் பிடித்த சுவர்

நம் வட்டத்தின் பத்தாம் ஆண்டு மலருக்குக் கவிதை பற்றி எழுதுக எனப் பணித்தனர். யானோ சுவரொன்றைப் பற்றி எழுதத் துணிந்தேன், கவிஞர்கள் பொறுத்தருள்க.

உரோம் நகரின் கொலோசியம் கி.பி. 80இல் தீத்துசு மன்னனால் திறக்கப்பெற்றது. ஏறத்தாழ 48 மீட்டர் உயர்ந்த அதன் புறச்சுவர், சாந்தின்றி, இரும்புப் பற்றுகளால் பிணைத்த சுண்ணாம்புக் கற்களால் ஆனது. இடைக்காலத்தார் அவ்விரும்பைத் தோண்டி எடுத்தனர். அத்துளைகளை இன்றும் காணலாம். 1349இல் நிகழ்ந்த நிலநடுக்கத்தில் தென்புறம் சரிந்தது. சரிந்த கற்கள் மாளிகைகளுக்கும் தேவாலயங்களுக்கும் சென்றன.

எஞ்சிய புறச்சுவருக்கு அறுந்த முனைகள் இரண்டு. வளைவு என்பது தன் அண்டை வளைவை ஓயாது தள்ளுவது. அண்டை வளைவும் திருப்பித் தள்ளுவதாலேயே இரண்டும் நிற்கின்றன. வரிசை அறுந்த இடத்திலோ கடைசி வளைவின் தள்ளலை ஏற்பார் இல்லை. 1806இல் மீண்டும் நிலம் நடுங்கியபோது கிழக்கு முனை வெளிப்புறம் சாயலாயிற்று.

திருத்தந்தை ஏழாம் பயசு காலத்தில் இரபேல் இசுடெர்ன் முதலியோர் அப்பணியை ஏற்றனர். முதலில் மரமுட்டுகள், பின்னர்ச் செங்கல்லால் சாய்வான பெரும் உதைசுவர். வளைவுகளின் வாய்களையும் செங்கல்லால் அடைத்தனர். பிளவுபட்டு நழுவிய கற்களை மேலேற்றிச் சீராக்கவில்லை. நழுவிய நிலையிலேயே பிடித்து நிறுத்தினர்.

மேற்கு முனைக்கு 1826இல் வலதியே எழுப்பிய சுவர் வேறு வகையது. பழைய வளைவுகளின் வடிவத்தையே பெரிதும் செங்கல்லில் பின்பற்றிப் படிப்படியாகத் தாழ்ந்து முடிவது. கண்ணுக்கு இனியது இதுவே என்பதை மறுக்க மாட்டேன்.

ஆயினும் என் மனம் கிழக்கு முனையையே நாடுகிறது. காரணம் உண்டு. ஆய்வு மாணவியாய் இருந்த நாளில், செல்லரித்த ஓர் ஏட்டைப் படியெடுக்கையில், சீர் ஒன்று இல்லாத இடத்தில் யாப்புக்குப் பொருந்த ஒரு சொல்லை யானே இட்டு நிரப்பினேன். நெறியாளர் வினவியபோது ஏட்டில் உள்ளதே என்றேன். அவர் ஏட்டை வாங்கி விளக்கருகே பிடித்துப் பார்த்தார். ஒன்றும் கூறாமல் என் சொல்லை அடித்துப் புள்ளிகள் இட்டார். உ.வே.சா. 1904இல் பதிற்றுப்பத்தைப் பதிப்பித்தபோது முதற்பத்தும் இறுதிப்பத்தும் கிடைக்காமல், எட்டுப் பத்துகளையே வெளியிட்டார் என்பது அப்போதும் எனக்குத் தெரிந்த செய்திதான்!

வலதியேயின் சுவரில் பழையது முடிந்து புதியது தொடங்கும் இடத்தைத் தொலைவில் நிற்போர் தேடிக் காண வேண்டும். இசுடெர்னின் சுவரில் அத்தேட்டம் வேண்டா. இருநூறு ஆண்டுகள் கடந்தும், அவ்வளைவுக் கற்கள் 1806இல் நழுவிய அளவிலேயே செங்கல்லுக்கு நடுவே சாய்ந்து நிற்கின்றன.