2008 ஒலிம்பிக்கில் நீச்சற்போட்டி – பெண்கள் 100 மீட்டர் மல்லாக்கு நீச்சல்

2008 கோடைக்கால ஒலிம்பிக் போட்டிகளின் பெண்கள் 100 மீட்டர் மல்லாக்கு நீச்சல், சீனாவின் பெய்ஜிங் நகரில் "நீர்க் கனசதுரம்" என அழைக்கப்படும் தேசிய நீர் விளையாட்டு மையத்தில் ஆகத்து 10 முதல் 12 வரை நடைபெற்றது. ஐக்கிய அமெரிக்காவின் நத்தலி காக்லின் 58.96 நொடிகளில் நீந்தித் தங்கப் பதக்கம் வென்றார். இப்போட்டியின் மிக விரைவான நேரம் இறுதிச் சுற்றில் அல்லாமல் அரையிறுதியிலேயே பதிவானது. அதை நீந்தியவர் வெள்ளி வென்ற சிம்பாப்வே வீராங்கனை கிறிஸ்டி கோவென்ட்ரி ஆவார்.

போட்டி முறை

பேக்ஸ்ட்ரோக் எனவும் அறியப்படும் இவ்வகை நீச்சலில், போட்டியாளர்கள் மேடையிலிருந்து குதிப்பதில்லை. நீருக்குள் இருந்தவாறே கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, சுவரைக் கால்களால் உந்திப் புறப்படுகின்றனர். 50 மீட்டர் நீளமுள்ள குளத்தில் ஒருமுறை திரும்ப வேண்டும். புறப்பட்ட பின்னரும் திரும்பிய பின்னரும் நீருக்கடியில் 15 மீட்டர் வரை மட்டுமே செல்லலாம். அதற்குள் தலை நீர்மட்டத்திற்கு மேலே வந்துவிட வேண்டும். மல்லாந்த நிலையிலேயே சுவரைத் தொட்டு முடிக்க வேண்டும். சுவரைப் பார்க்க இயலாது என்பதால், அதற்கு 5 மீட்டர் முன்பாகக் குளத்தின் குறுக்கே கொடிகள் கட்டப்பட்டிருக்கும். அவற்றைக் கண்டபின் எத்தனை முறை கை வீசினால் சுவரை அடையலாம் என்பதை வீராங்கனைகள் பயிற்சியின்போதே கணக்கிட்டு வைத்துக்கொள்வர்.

தகுதிச் சுற்றுகளில் சிறந்த நேரம் பெற்ற 16 பேர் அரையிறுதிக்கும், அவர்களுள் 8 பேர் இறுதிக்கும் தேர்ந்தெடுக்கப்படுகின்றனர். முந்தைய சுற்றுகளின் நேரம் இறுதிச் சுற்றில் சேர்க்கப்படுவதில்லை.

பின்னணி

2002 இல் 59.58 நொடிகளில் நீந்திய காக்லின், 100 மீட்டர் மல்லாக்கு நீச்சலை ஒரு நிமிடத்திற்குள் முடித்த முதல் பெண் ஆனார். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் காக்லின் தங்கமும், கோவென்ட்ரி வெள்ளியும், பிரான்சின் லோர் மனாடூ வெண்கலமும் பெற்றனர். மூவருமே பெய்ஜிங் இறுதிப் போட்டிக்கும் தகுதி பெற்றனர்.

ஒமாகா நகரில் நடந்த அமெரிக்கத் தகுதிப் போட்டியில், 2008 சூன் 30 அன்று ஹேலி மெக்கிரெகரி 59.15 நொடிகளில் உலக சாதனை படைத்தார். சில நிமிடங்களில் அடுத்த பிரிவில் நீந்திய காக்லின் அதனை 59.03 ஆகக் குறைத்தார். மறுநாள் இறுதியில் 58.97 ஆக மேலும் குறைத்தார். ஒரு நாட்டிலிருந்து இருவர் மட்டுமே பங்கேற்கலாம் என்ற விதியினால், மூன்றாவதாக வந்த மெக்கிரெகரிக்கு ஒலிம்பிக் வாய்ப்புக் கிட்டவில்லை.

அரையிறுதி

வழக்கமாக மாலையில் நடைபெறும் அரையிறுதி, இறுதிச் சுற்றுகள், அமெரிக்கத் தொலைக்காட்சி நேரத்திற்கு ஏற்பப் பெய்ஜிங்கில் காலையில் நடத்தப்பட்டன. ஆகத்து 11 அன்று நடந்த அரையிறுதியில் கோவென்ட்ரி 58.77 நொடிகளில் நீந்திப் புதிய உலக சாதனை படைத்தார். இதனால் இறுதிப் போட்டியில் நடுத்தடமான நான்காம் தடம் அவருக்குக் கிடைத்தது.

இறுதிப் போட்டி

ஆகத்து 12 அன்று காக்லின் 58.96 நொடிகளில் முதலிடம் பெற்றார். இது அவருடைய முந்தைய சிறந்த நேரத்தைவிட 0.01 நொடி மட்டுமே குறைவு. முந்தைய நாள் நேரத்தைவிட 0.42 நொடி கூடுதலாக எடுத்துக்கொண்ட கோவென்ட்ரி இரண்டாம் இடம் பெற்றார். அரையிறுதி நேரத்தை அவர் மீண்டும் எட்டியிருந்தால் தங்கம் அவருக்கே கிடைத்திருக்கும். மூன்றாம் இடத்திற்கும் ஐந்தாம் இடத்திற்கும் இடையே 0.06 நொடியே வேறுபாடு இருந்தது.

1. நத்தலி காக்லின் (ஐக்கிய அமெரிக்கா) – 58.96
2. கிறிஸ்டி கோவென்ட்ரி (சிம்பாப்வே) – 59.19
3. மார்கரெட் ஹோல்சர் (ஐக்கிய அமெரிக்கா) – 59.34
4. ஜெம்மா ஸ்பாஃபர்த் (ஐக்கிய இராச்சியம்) – 59.38
5. அனஸ்தாசியா சுயேவா (உருசியா) – 59.40
6. ரேக்கோ நக்கமுரா (சப்பான்) – 59.72
7. லோர் மனாடூ (பிரான்சு) – 1:00.10
8. ஹனாய் இட்டோ (சப்பான்) – 1:00.18

பிந்தைய நிகழ்வுகள்

பெண்கள் 100 மீட்டர் மல்லாக்கு நீச்சலில் அடுத்தடுத்த இரு ஒலிம்பிக்குகளில் தங்கம் வென்ற முதல் வீராங்கனை காக்லின் ஆவார். 2021 இல் நடைபெற்ற டோக்கியோ ஒலிம்பிக்கிலும் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கிலும் வென்று, ஆத்திரேலியாவின் கெய்லி மெக்கியோன் இதனைச் செய்தார்.

கோவென்ட்ரி நான்கு நாட்களுக்குப் பின்னர், ஆகத்து 16 அன்று, 200 மீட்டர் மல்லாக்கு நீச்சலில் 2:05.24 என்ற உலக சாதனையுடன் தங்கம் வென்றார். அந்த ஒலிம்பிக்கில் சிம்பாப்வே பெற்ற நான்கு பதக்கங்களும் அவர் வென்றவையே. 2025 இல் அவர் பன்னாட்டு ஒலிம்பிக் குழுவின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அப்பதவிக்கு வந்த முதல் பெண்ணும் முதல் ஆப்பிரிக்கரும் அவரே.

0.04 நொடியில் வெண்கலத்தைத் தவறவிட்ட ஸ்பாஃபர்த், 2009 இல் ரோம் நகரில் நடந்த உலக நீச்சற் போட்டியில் 58.12 நொடி என்ற புதிய உலக சாதனையுடன் தங்கம் வென்றார்.